ஆறு வரிசைச் சூரியகாந்தியும் ஓர் ஊதாச் சேலையும்

என் வலது கை காதுக்கு மேலே உயர மறுத்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. சட்டை அணிவதற்கு இடக்கையின் தயவு தேவைப்பட்டது. கோயிலில் கும்பிடும்போது ஒரு கை கோபுரத்தை நோக்க, மறு கை அர்ச்சகரின் தட்டை நோக்கியது. எங்கள் ஊர் மருத்துவர் தோள் இறுகிவிட்டது என்று கூறி, நாள்தோறும் சுவரில் விரல்களால் பல்லியைப் போல் ஏறி இறங்கச் சொன்னார். எழுபத்தொரு வயதில் சுவர் ஏறுவது எனக்குக் கௌரவமாகத் தோன்றவில்லை.

வடக்கே ராணுவக் குடியிருப்பில் கணவனோடு வசிக்கும் என் மகள் தொலைபேசியில் வேறொரு வைத்தியம் சொன்னாள். "எங்க மாமனார் வீட்டுக்குப் போயிட்டு வாங்கப்பா. இப்ப சாரல் நேரம். குத்தாலத்துல மூணு நாள் தோள்ல தண்ணி விழுந்தா எல்லாம் சரியாயிடும்."

அவளுடைய மாமனார் எனக்குச் சம்பந்தி. திருமணம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அவர் இல்லத்தில் ஒரு வேளை உணவுக்கு மேல் நான் தங்கியதில்லை. சம்பந்திகளுக்கு இடையே தூரம் இருந்தால்தான் மரியாதை இருக்கும் என்பது எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கொள்கை. தோள்வலி அக்கொள்கையைத் தளர்த்தியது. ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் தென்காசியில் வந்து இறங்கினேன்.

முதலில் வரவேற்றது காற்று. மேற்குமலையில் செங்கோட்டைக்கு அப்பால் ஒரு கணவாய் உண்டு. கேரளத்திலிருந்து வரும் காற்று முழுவதும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறது போலும். சாரலைக் கண்டு குடையை விரித்தேன். குடை மேல்நோக்கி மலர்ந்து, நீர் பிடிக்கும் பாத்திரமாயிற்று. அருகில் நின்றவர்களில் ஒருவர் தலையிலும் குடை இல்லை. அந்தச் சாரலை மழை என்று சொல்ல இயலாது. மேகம் போகிற போக்கில் நம்மீது சிறிது பொடி தூவிவிட்டுச் செல்கிறது. துடைத்துக்கொள்ள நினைக்கும்போது காய்ந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் தென்னையும் கோபுரமுமே உயரமானவை. மற்றவை எல்லாம் வரப்பின் உயரத்தில் அடங்கிவிடும். இங்கோ எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் முடிவில் ஒரு மலை நிற்கிறது. இதைத் தினமும் பார்ப்பவர்கள் எப்படி வேலையில் கவனம் செலுத்துகிறார்கள் என்று வியந்தேன். அவர்கள் மலையைப் பார்ப்பதே இல்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். மழை வருமா என்பதற்கு மட்டும் நிமிர்கிறார்கள்.

ஆய்க்குடியைத் தாண்டிய ஒரு சிற்றூருக்கு நான் செல்ல வேண்டும். மினி பேருந்தில் இருக்கை இல்லை. எலுமிச்சை மூட்டை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர், புளியங்குடியில் கமிஷன் கடை வைத்திருப்பவர், மூட்டையைத் தட்டி என்னை அமரச் சொன்னார். பழம் நசுங்காதா என்று கேட்டேன்.

"ஒங்க எடைக்கு நசுங்காது அண்ணாச்சி, சும்மா இரிங்க. லாரில டெல்லி வரைக்கும் போவுத பழம் ஒங்களுக்கா அஞ்சும்?"

அவர் வாயிலாகத்தான் இம்மாவட்டத்தின் வரைபடம் எனக்கு விளங்கிற்று. பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தை, சங்கரன்கோவிலில் பூ, புளியங்குடியில் எலுமிச்சை, மேற்கே மலையடிவாரம் நெடுகத் தென்னையும் நெல்லும், கிழக்கே செல்லச் செல்லக் கிணற்றுத் தோட்டங்கள் என்று விரல்விட்டுச் சொன்னார். கண்ணைக் கட்டி எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் வாசத்தை வைத்தே பெயர் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. பிறகு எங்கள் ஊரின் வாசம் யாதென்று கேட்டார். சேறு என்று உண்மையைக் கூறினேன். அவர் அனுதாபத்தோடு இரண்டு பழங்களை என் கையில் வைத்தார்.

நிறுத்தத்தில் சம்பந்தி சுடலைமுத்து காத்திருந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை நரைத்துவிட்ட போதிலும் முதுகு இன்னும் பணியில் இருந்து விலகவில்லை. தெருவில் நடந்தபோது, திறந்த கதவுகளுக்குள் வீட்டுக்கு ஒரு சீருடைப் படம் தொங்குவதைக் கண்டேன். சில ராணுவம், சில காவல்துறை. பல வீடுகளில் படத்துக்கு நேர் கீழே கிணற்று மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டியின் உதிரி பாகங்கள் கிடந்தன. எங்கள் பக்கத்தில் வயலை விட்டவன் சிங்கப்பூர் செல்வான். இங்கு எல்லைக்குச் சென்று, மீண்டும் வயலுக்கே வருகிறான்.

பகல் உணவு உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்தைத் தோலோடு அரிசியில் கூட்டி, தேங்காயும் பூண்டும் சேர்த்து வடிப்பது. எள்ளுத் துவையல் அதற்குத் துணை. இவ்வளவு காலம் இந்த வீட்டு மருமகளாக இருந்து இதை உண்டும் என் மகள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மனத்துக்குள் கடிந்துகொண்டேன். அப்போதுதான் வீட்டின் விசித்திரம் ஒன்று புலப்பட்டது.

பரிமாறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள், இசக்கியம்மாள் என்பது பெயர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு ஒங்க சம்பந்திகிட்ட கேளுங்க."

சம்பந்தி என் முழங்கை இடிக்கும் தூரத்தில் அமர்ந்திருந்தார். கேட்டேன்.

"போதும்னு சொல்லிருங்க சம்பந்தி."

சொன்னேன். துவையலுக்கும் இவ்வாறே நடந்தது; மோருக்கும் நடந்தது. கை கழுவும்போது நான் அவ்வீட்டின் மொழிபெயர்ப்பாளனாக நியமனம் பெற்றுவிட்டதை உணர்ந்தேன்.

காரணம் மாலையில் வயலில் தெரிந்தது. அவர்களுடைய நிலம் சாலையை ஒட்டி, மூன்று மரக்கால் விதைப்பாடு. இப்பகுதியில் நிலத்தை விதையால் அளக்கிறார்கள். நாங்கள் மா, வேலி என்று அளப்பதைச் சொன்னபோது சம்பந்தி அதை ஓர் அயல்நாட்டுச் செய்தியைப் போல் கேட்டுக்கொண்டார். நிலம் முழுவதும் சூரியகாந்தி. ஆடியிலும் ஆவணியிலும் இந்தப் பூக்களைக் காண்பதற்காகவே கேரளத்துக் கார்கள் மலையைக் கடந்து வருகின்றன. சாலையோரம் தேநீர்க் கடை ஒன்றும், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய அன்னாசித் துண்டுகள் விற்கும் வண்டி ஒன்றும் இப்பூக்களை நம்பியே நின்றன. எங்கள் நெற்பயிரைப் படம் பிடிக்க இதுவரை எவரும் வந்ததில்லை. நெல்லுக்கு முகம் இல்லாததே காரணம் என எண்ணுகிறேன்.

கதிரவனோடு சேர்ந்து பூவும் திரும்பும் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆகவே மேற்குப் பக்கம் சென்று மாலைப் பூக்களை எதிர்கொள்ள நின்றேன். வயல் முழுவதும் எனக்கு முதுகு காட்டியது.

"அதெல்லாம் சின்ன வயசுல சம்பந்தி," என்றார் அவர். "பூத்த பொறவு கெழக்க பாத்து நின்னுரும். நம்மள மாதிரிதான். வயசாயிட்டுன்னா ஒரு பக்கந்தான்."

இருபது நாட்களுக்கு முன் புனலூரிலிருந்து ஒரு தந்தையும் மகளும் இங்கு வந்திருக்கிறார்கள். அப்போது பூ முழு மலர்ச்சி. தந்தையும் முன்னாள் ராணுவத்தினர். சம்பந்தி இருந்த அதே பனிமலை முகாமில் வேறொரு காலத்தில் இருந்தவர். இருவரும் அங்கு குடித்த தேநீரின் மோசமான சுவையைப் பற்றிப் பேசி நெருங்கிவிட்டார்கள். மகளுக்குச் சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், திருமணம். மணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு இங்கு வந்து, பூவுக்கு நடுவில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று அப்பெண் ஆசைப்பட்டாள். அதுவரை இப்பூ இருக்குமா என்று கேட்டாள். இருக்கும், ஒரு பூவையும் தொடமாட்டோம் என்று சம்பந்தி வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு படைவீரர் இன்னொரு படைவீரருக்குக் கொடுத்த வாக்கு. அந்த ஞாயிறு இன்னும் மூன்று நாளில் வருகிறது.

வாக்குக் கொடுத்தவர் பூவோடு கலந்துபேசவில்லை. பூக்கள் முற்றி, இதழ் காய்ந்து, தலை கவிழ்ந்து, முதுகு மஞ்சள் பாய்ந்துவிட்டது. அறுவடைக்கு ஆள் அழைத்து வரும் பேச்சிக்கனி சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு முதல் அவருடைய வேலையாட்களான பெண்கள் அனைவரும் ஓணத்துக்குக் காய் பறிக்கச் சென்றுவிடுவார்கள். ஓணம் முடியும் வரை வேறு ஆள் கிடைப்பது அரிது. அதற்குள் பாதி விதை கிளிக்கும், மீதி விதை சாரலின் ஈரத்துக்கும் போய்விடும்.

சம்பந்தி எல்லையில் இருந்த ஆண்டுகள் முழுவதும் இந்த நிலத்தை உழுவித்தவர் சம்பந்தியம்மாள். சூரியகாந்தி விதைப்பது என்று முடிவு செய்தவரும் அவரே. வீட்டுக்கு ஓராண்டு எண்ணெய். கிணற்றுக்குப் புது மோட்டார். இந்த இரண்டையும் அவர் அந்த விதைக்குள் பார்த்து வைத்திருந்தார்.

அன்றிரவு உணவின்போது அவர் என்னை நோக்கிக் கூறினார்: "வெதச்சது நானு. தண்ணி பாச்சுனது நானு. பூவுக்கு வாக்குக் குடுக்கது மட்டும் அவியளான்னு கேளுங்க அண்ணாச்சி."

பயிரிட்டவரைக் கலந்து ஆலோசித்திருக்கலாம் என்று அம்மையார் கருதுவதாக நான் சம்பந்தியிடம் தெரிவித்தேன்.

"அப்பிடி மெத்துன்னு சொல்லாதிய," என்றார் சம்பந்தியம்மாள். "நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை குற்றாலம் சென்றோம். மேலகரத்தைத் தாண்டியவுடனே காற்றில் குளிர் ஏறியது. மூலிகை எண்ணெயின் மணமும் ஏறியது. என் மகள் கூறிய மருந்தின் முன் ஒருவழியாக வந்து நின்றேன். பேரருவி மருந்து அளவில் இல்லை. மலையே வாய் திறந்து கத்துவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. அபாயச் சங்கு ஒலித்தது. வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை என்று ஒலிபெருக்கி அறிவித்தது. இடுப்பில் துண்டோடும் தலையில் எண்ணெயோடும் நூற்றுக்கணக்கான ஆண்கள், கல்யாணம் நின்றுபோன பந்தலில் இருப்பவர்களைப் போல் நின்றோம்.

எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் என் தோளைத் தொட்டுப் பார்த்து, "இது துருப்பிடிச்ச கதவு சார், எங்கிட்ட விடுங்க" என்றார். கதவைத் திறப்பதற்குப் பதில் கழற்றிவிடக் கூடியவராக அவர் எனக்குத் தோன்றியதால் நன்றி கூறி விலகினேன். கடையில் மங்குஸ்தான் பழம் வாங்கினேன். எப்படி உடைப்பது என்று தெரியவில்லை. கிளையில் இருந்து இறங்கிய குரங்கு ஒன்று என் கையிலிருந்து பழத்தை எடுத்து, இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, மேல்மூடியைத் திறந்து, வெண்சுளைகளை ஒவ்வொன்றாக உண்டது. கற்றுக்கொண்டேன். மீதிப் பழங்களை நானே உடைத்தேன்.

சம்பந்தி இவற்றில் எதையும் ரசிக்கவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்து நின்று, கைப்பேசியை எடுப்பதும் சட்டைப்பையில் போடுவதுமாக இருந்தார். புனலூர்க்காரரைத் தொலைபேசியில் அழைத்து, வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. மூன்று முறை எடுத்தார், மூன்று முறையும் உள்ளே வைத்தார்.

திரும்பும் வழியில் ஒரு பரோட்டாக் கடையில் அமர்ந்தோம். இங்குள்ள பரோட்டா சிறியது, மொறுமொறுப்பானது. நான்கு உண்டால்தான் எங்கள் ஊரின் ஒன்றுக்குச் சமம் என்று கருதி நான்கு உண்டேன். சம்பந்தி முதல் பரோட்டாவையே பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொல்லுதது சரிதான் சம்பந்தி," என்றார் இலையைப் பார்த்தபடி. "அந்தப் பிள்ள கேக்கும்போது எம் பொண்ணு கேட்ட மாதிரி இருந்துது. எனக்குப் பொண்ணு இல்லல்லா. வாயி தானா சொல்லிட்டு."

இதை வீட்டில் மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை விடியும்போது நாங்கள் மூவரும் வயலில் இருந்தோம். சம்பந்தியம்மாள் வடக்கு வரப்பில் அரிவாள்களை எடுத்து வரிசையாக வைத்தார். சம்பந்தி வயல் வாசலில் கால்களைச் சிறிது அகற்றி, கைகளைப் பின்னால் கட்டி நின்றார். காவல் நிற்கும் நிலை அது. நான் இருவருக்கும் நடுவில், எந்த நாட்டுக்கும் உரியதல்லாத நிலப்பகுதியில் நின்றேன். பேச்சிக்கனி பத்துப் பெண்களோடு வந்து சேர்ந்தார். சுருட்டிய முந்தானையும் மேலே ஓர் ஆண் சட்டையுமாக இருந்த அவர், நிலைமையை ஒரு பார்வையில் அளந்தார்.

"என்ன மிலிட்டரி அண்ணாச்சி, வாசல்ல நிக்கிய? உள்ள விடுவியளா, பாஸ் வேணுமா?"

சம்பந்தியம்மாள் என் மூலமாக வாசலை விடச் சொன்னார். சம்பந்தி என் மூலமாக ஒரே ஒரு நாள் பொறுக்கச் சொன்னார். நான் இருமுறை நடந்தேன். மூன்றாம் முறை புறப்படும்போது பேச்சிக்கனி என்னைக் கையமர்த்தி, நடந்ததை எல்லாம் கேட்டார். கேட்டு முடித்துச் சாலைப் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளைக்குப் படந்தான வேணும்? ரோட்டோரம் ஆறு வரிசையும் ரெண்டாம் வெதப்புல்லா. மயிலு கிண்டிட்டுன்னு நாந்தான மறுக்க ஊனுனேன். அது இப்பந்தான் பூத்து நிக்கி. அதுல இன்னைக்கு அரிவாள வச்சா பாலுதான் வரும். மத்ததெல்லாம் அறுத்துட்டு அத விட்டுருங்க." பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு வாயத் தொறந்து பேசியிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். பாவம், வந்த விருந்தாளிய நடக்க வச்சிருக்கிய."

உண்மையில் நாங்கள் மூவரும் அந்த ஆறு வரிசையைத் தாண்டித்தான் மூன்று நாட்களாக வயலுக்குள் சென்றுவந்தோம். அவை மற்றவற்றைவிட உயரம் குறைவாகவும் பொன்னிறம் மங்காமலும் கிழக்கு நோக்கி நின்றிருந்தன. அழகாக இருக்கிறது என்று நானே வியாழனன்று ஒரு முறை சொல்லியிருந்தேன்.

சம்பந்தி வாசலைவிட்டு ஒரு அடி நகர்ந்தார். சம்பந்தியம்மாள் ஒரு அரிவாளை எடுத்து, என்னிடம் தராமல், நேராக அவரிடம் நீட்டினார். என் பணி முடிந்தது.

பகல் ஒரு மணிக்குள் மற்ற பூக்கள் அனைத்தும் தலைகளாகக் களத்தில் பரவின. அறுத்த வயலில் தாள்கள் மட்டும் மொட்டையாக நின்றன. எல்லாம் இனிதே முடிந்தது என்று நான் நினைத்த வேளையில் கிளிகள் வந்தன.

இதுவரை மூன்று மரக்கால் நிலத்தில் பிரிந்து உண்டுகொண்டிருந்த அத்தனை கிளிகளுக்கும் இப்போது ஆறு வரிசையே மிஞ்சியது. அதிலும் பால் பிடித்த இளம் விதை. பளபளக்கும் நாடாவைக் கட்டினோம். அதன்மீது அமர்ந்து ஊஞ்சலாடின. தட்டைத் தட்டினோம், தாளத்துக்கு ஏற்பத் தலையசைத்தன. பக்கத்துத் தோட்டத்துச் சோளக்கொல்லைப் பொம்மையைக் கடன் வாங்கி நட்டோம். ஒரு கிளி அதன் தலையில் அமர்ந்து மூக்கைத் தீட்டியது. ஒரு மணி நேரத்தில் முதல் வரிசையில் பத்துப் பூக்களின் இதழ்கள் தரையில் கிடந்தன. இந்த வேகத்தில் ஞாயிறு காலை மணப்பெண் காம்புகளுக்கு நடுவில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

சம்பந்தியம்மாள் வீட்டுக்குச் சென்று தம் பழைய ஊதாச் சேலை ஒன்றை எடுத்து வந்தார். "அசையுததுக்குத்தான் அதுக பயப்படும். நீங்க அந்தத் தலப்ப பிடிங்க. அண்ணாச்சி இந்தத் தலப்ப பிடிக்கட்டும். பூவுக்கு மேல விரிச்சிட்டு அங்கனயும் இங்கனயும் நடங்க."

இரு சம்பந்திகள் ஒரு சேலையின் இரு முனைகளைப் பிடித்து, ஆறு வரிசைக்கு இருபுறமும், சாலையில் போவோர் பார்க்க, மேலும் கீழும் நடப்பது எந்த ஊர் மரியாதையிலும் சேராது. என் தோளின் நிலையை எடுத்துரைத்தேன். "எட்டுத வரைக்கும் தூக்குங்க" என்றார் அம்மையார். இருகைகளாலும் முந்தானையைப் பற்றி, மார்பு உயரத்தில் நிறுத்தினேன். செங்கோட்டைக் கணவாய் அதற்குச் சம்மதிக்கவில்லை. காற்று சேலைக்குள் புகுந்து, பாய்மரம் போல் உப்ப வைத்து, என் கைகளையும் சேர்த்து மேலே இழுத்தது. தோளில் ஏதோ முறுக்கென்றது. கண்ணில் நீர் வந்தது. விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது மறுமுனையிலிருந்து ஆணை பிறந்தது.

"தூக்குங்க சம்பந்தி, கிளி அடியில நொழையுது!"

பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் உரத்துப் பேசிய முதல் சொற்கள் இவை. தூக்கினேன். கிளிகள் பச்சை மேகமாக எழுந்து சென்றன, திரும்பி வந்தன, மீண்டும் எழுந்தன. இருட்டும் வரை நடந்தோம். சாலையில் நின்ற தேநீர்க் கடைக்காரர் எங்களுக்குத் தேநீர் கொடுத்து, இரு கைகளும் சேலையில் இருந்தபடியால் குவளையை வாயருகே அவரே பிடித்தார்.

ஞாயிறன்று கிளிகளுக்கு முன் எழுந்தோம். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மலைப்பாதை நெரிசலில் சிக்கிப் பதினொன்றுக்கு வந்தார்கள். அதுவரை அந்தச் சேலை கீழே இறங்கவில்லை. மணப்பெண் காரிலிருந்து இறங்கியவுடன் பூவைக் கண்டு மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு ஓடினாள். புகைப்படக்காரர் வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். வரிசை ஆறுதான் என்பதை அவர் கண் உடனே பிடித்தது. அப்படியே ஈரமண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் பூக்கள் மேற்குமலையின் அடி வரை செல்வதாகத் தெரியும் என்று எங்களை நோக்கி மலையாளத்தில் உற்சாகமாகக் கூறினார். அந்நேரம் பார்த்துக் கிளிகள் இறங்கின. நாங்கள் சேலையை உயர்த்திக்கொண்டு வரிசைகளின் பின்புறம் ஓடினோம்.

பெண்ணின் தந்தை மட்டும் படத்தில் அக்கறை இன்றி மெல்ல நடந்து, ஆறு வரிசைகளையும் கடந்து, பின்னால் சென்றார். மொட்டைத் தாள்கள் நிற்கும் வயலைப் பார்த்து நின்றார். சம்பந்தி சேலையின் தன் முனையைச் சம்பந்தியம்மாளிடம் கொடுத்துவிட்டு அவரருகே சென்றதை நான் பார்த்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது, முகம் நிமிரவில்லை.

"பின்னால ஒண்ணும் இல்ல சார்," என்றார். "ஒரு பூவையும் தொட மாட்டோம்னு சொன்னேன். தொட்டாச்சு. இது அவ வயலு, அவ வெதச்ச பயிரு. கேக்காம நான் வாக்குக் குடுத்தது தப்பு. இந்த ஆறு வரிசைக்கு நான் காவலு, அவ்வளவுதான்."

இந்தப் பக்கம் சேலையைப் பிடித்திருந்த சம்பந்தியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. சேலையைச் சற்று உயர்த்திப் பிடித்தார்.

புனலூர்க்காரர் மொட்டை வயலையும், மண்ணில் படுத்திருந்த புகைப்படக்காரரையும், பூக்களுக்கு மேல் பறந்துகொண்டிருந்த ஊதாச் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு மலையாளத்தில் அவர் சொன்னதன் பொருள் இது: முகாமில் நாம் மொத்தம் எத்தனை பேர் இருந்தோம், எதிரே இருந்தவன் நம்மை எத்தனை பேர் என்று நினைத்தான்? முன்வரிசை நின்றால் போதும், ஹவில்தார். சொல்லிவிட்டு, சம்பந்தி பக்கம் திரும்பாமல் நேராகச் சம்பந்தியம்மாளிடம் வந்து கைகூப்பினார். காரிலிருந்து ஒரு பை நிறையப் பலாக்காய் வறுவலான உப்பேரியும் ஒரு தூக்கு அடைப்பாயசமும் இறங்கின. சம்பந்தியம்மாள் மணப்பெண்ணுக்குக் களத்திலிருந்து நன்கு முற்றிய ஒரு பூத்தலையைத் தேர்ந்து கொடுத்து, அடுத்த ஆடியில் பூக்க எப்போது விதைக்க வேண்டும் என்று விளக்கினார். எவரையும் மொழிபெயர்க்க அழைக்கவில்லை. அவருடைய தமிழுக்கும் அப்பெண்ணின் மலையாளத்துக்கும் இடையே இலேசான தலையசைப்பே போதுமானதாக இருந்தது.

திங்களன்று எனக்கு ரயில். குளிக்கும் தடை நீங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆனால் குற்றாலம் போய்வர நேரம் இல்லை. புறப்படும் முன் கடைசியாக உளுந்தஞ்சோறு உண்டுகொண்டிருந்தபோது சம்பந்தியின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. எத்தனையோ படங்களில் மணமக்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான் என்று உடன் ஒரு வரி இருந்தது. பொன்னிறக் கடல், அதன் நடுவில் இருவரும் சிரிக்கிறார்கள், பின்னால் நீலமலை. அவர்கள் தலைக்கு மேல், வானத்தில், கட்டாமல் கட்டிய மணப்பந்தலைப் போல் ஊதா நிறத்தில் ஒரு விதானம் உப்பி நிற்கிறது. இரு ஓரங்களிலும் பூக்களுக்கு மேலே இரண்டு கிழவர்களின் தலையும் கைகளும்.

"எஞ் சேலை," என்றார் சம்பந்தியம்மாள்.

"கிளியக் காணோம் பாத்தியா," என்றார் சம்பந்தி. அவர் அதை மனைவியிடம் நேராகவே சொன்னார்.

நான் வேறொன்றைப் பார்த்தேன். இடப்புறக் கிழவரின் கைகள் இரண்டும் காதைத் தாண்டி, நரைத்த தலையைத் தாண்டி, நேராக வானத்தில் நின்றன. வலக்கை இடக்கையைவிட ஓர் அங்குலம் உயரமாக இருந்தது. சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, எவரும் பாராத வேளையில், வாசல் நிலைக்கு மேலிருந்த சீருடைப் படத்தின் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். எட்டியது.

படத்தை மகளுக்கு அனுப்பினோம். ரயில் தென்காசியை விட்டு நகரும்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. கையைப் பார்த்துவிட்டிருந்தாள். "நான் சொன்னேன்ல? எந்த அருவியிலப்பா குளிச்சீங்க, ஐந்தருவியா, பழைய குத்தாலமா?"

ஜன்னலுக்கு வெளியே நடைமேடையில் சம்பந்திகள் இருவரும் ஒருவரோடொருவர் ஏதோ பேசிக்கொண்டே நின்றிருந்தார்கள். நான் அவர்களை நோக்கி வலக்கையை நன்றாக உயர்த்தி அசைத்தேன்.

"உன் மாமியார் வயலில்," என்றேன்.